ரத்தம் பார்க்காத இன்சுலின்

கணையத்தின் பீட்டா செல்லில் பிறக்கும்போது இன்சுலின் 110 அமினோ அமிலங்கள் கோத்த சரம். முன்னால் இருக்கும் 24 உடனே வெட்டுப்படும். மிச்சமுள்ள 86 மடிந்து, மூன்று கந்தகப் பிணைப்புகளால் இறுகி, ஒரு நுண்பைக்குள் ஏறும். அங்கே நடுத்துண்டு கழன்றுவிடும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'சி-பெப்டைட்' என்று இருக்குமே, அதுதான் இது. ஊசி மருந்தில் அது கிடையாது; அதனால் உடம்பு சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்பதை அதை வைத்தே கணிக்கிறார்கள். எஞ்சிய இன்சுலின் துத்தநாகத்தோடு ஆறாறாகக் கூடிப் படிகமாகும். மின்னணு நுண்ணோக்கியில் வெளிர் வளையத்துக்குள் கரும்பொட்டாகத் தெரியும்.

ஒரு செல்லுக்குள் இப்படிச் சுமார் 10,000 பைகள். சாப்பிட்டதும் எல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடுவதில்லை. சிறு பங்குதான் போகும், அதிலும் புதிதாக வந்தவற்றுக்கே முதலிடம். ரேஷன் கடை வரிசைக்கு நேர்மாறு! காத்திருந்து கிழடுதட்டிய பை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுடன் இணைந்து, அதன் நொதிகளில் கரைந்து, மறுபடி அமினோ அமிலங்களாகிவிடும்.

அந்த லைசோசோம் அகப்பட்டதும் இன்சுலினைத் தேடப் போன இடத்தில்தான். பெல்ஜியத்தின் கிறிஸ்டியான் டி டுவ், கல்லீரலில் இன்சுலின் என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கூடவே அளந்த ஒரு நொதி எதிர்பார்த்ததைவிட மந்தமாக இருந்தது. சில நாள் குளிர்பெட்டியில் கிடந்த பிறகு வேகம் பிடித்தது. ஏதோ ஒரு சவ்வுக்குள் அடைபட்டிருந்து, அது நைந்ததும் வெளிவந்திருக்கிறது. 1955-இல் அந்த உறைக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். செல் தன் பழுதுகளைத் தானே விழுங்கும் வேலைக்கு 1963-இல் ஆட்டோபேஜி என்ற பெயரும் அவர் தந்ததே.

2008-இல் ஜப்பானிலும் கொரியாவிலும் எலிகளின் பீட்டா செல்லில் மட்டும் ஆட்டோபேஜிக்கு வேண்டிய ஏடிஜி7 மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். செல்கள் அருகின, இன்சுலின் சுரப்பு குறைந்தது, சர்க்கரையைச் சமாளிக்க முடியவில்லை.

மனிதருக்கு இன்னொரு தொல்லை உண்டு. இன்சுலினோடு அதே பையில் பயணிக்கும் அமைலின் என்ற ஹார்மோன், எலிகளில் கட்டிதட்டாது, நமக்குத் தட்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் பலரின் கணையத்தில் அந்தப் படிவு காணப்படுகிறது. மனித அமைலினைச் சுரக்கும்படி மாற்றிய எலிகளில் ஆட்டோபேஜியையும் நிறுத்தியபோது நோய் முற்றியது.

அப்படியானால் விரதமிருந்து ஆட்டோபேஜியைத் தூண்டிவிட்டால் போதுமே என்று வாட்ஸ்அப்பில் பலர் பேசுகிறார்கள். அவ்வளவு சுலபம் இல்லை. ஆட்டோபேஜியைத் தூண்டுவதில் பேர்போன ராபமைசின் என்ற மருந்து, உறுப்பு மாற்று சிகிச்சை பெற்ற சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயையே வரவழைத்திருக்கிறது.