வாய்ச்சொல்லும் கையெழுத்தும்: நம் வழிபாட்டு உரிமையின் கதை



நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது தயங்கினேன். பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் துணிக்கடையைக் கவனித்துக்கொள்பவன் நான். வரலாற்று ஆசிரியனும் அல்ல, சட்டம் படித்தவனும் அல்ல. ஆனால் சிறு வயதில் என் பாட்டனார் சொன்ன ஒரு சம்பவம் இதை எழுதவைத்தது.

பாட்டனார் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் பலகையால் கட்டிய ஒரு சிறிய சூராவ் இருந்தது. லயங்களுக்கு அப்பால் மாரியம்மன் கோவில். இரண்டுமே தோட்டத்துத் துரை "கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொன்ன ஒரு வார்த்தையில் எழுந்தவை. பின்னாளில் தோட்டம் கைமாறியது. பால்மரங்களை வெட்டி, நிலத்தை வீடமைப்புக்கு ஒதுக்கினார்கள். இரண்டு இடங்களையும் காலி செய்யச் சொன்னபோது வந்த கேள்வி ஒன்றுதான்: "கிராண்ட் இருக்கிறதா?" இல்லை. பாட்டனாரும் கோவில் தலைவரும் ஒரே லாரியை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒரு பக்கம் குர்ஆன் பிரதிகளும் தொழுகைப் பாய்களும், மறுபக்கம் கோவில் மணியும் விளக்குகளும் ஏற்றப்பட்டன.

"துரைக்கு மனசு இருந்தது, நம்மிடம் காகிதம் இல்லை" என்பார் பாட்டனார். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இது எளிதில் புரியும். வாய்ச்சொல் ஆளோடு போய்விடும். கையெழுத்துதான் நிற்கும். சமய உரிமை எப்படிக் கையெழுத்தானது என்று தேடத் தொடங்கினால், முதல் பக்கமே நம் பேராக் மாநிலத்தில் இருக்கிறது.

1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி, பங்கோர் தீவருகே ராஜா அப்துல்லாவும் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்கும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பேராக்கில் ரெசிடெண்ட் என்ற ஆங்கிலேய ஆலோசகர் இருப்பார், ஆட்சிக் காரியங்களில் அவர் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அதில் ஒரு விலக்கு இருந்தது. மலாய்க்காரர்களின் சமயத்திலும் பழக்கவழக்கத்திலும் ரெசிடெண்ட் தலையிடக் கூடாது. ஆட்சியைக் கையில் எடுத்தவர்கள்கூடச் சமயத்தை எழுத்தில் விலக்கி வைக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் காகிதத்தில், ஈயத்துக்கு வந்திருந்த சீனர்களின் சமயத்தைப் பற்றியோ பிறகு ரப்பருக்கு வந்து சேர்ந்த தமிழர்களின் சமயத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. வந்தவர்கள் தாங்களாகவே கட்டிக்கொண்டார்கள். 1908இல் கட்டப்பட்ட ஈப்போ பாடாங் இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் அப்படி எழுந்ததுதான். ஊரில் வசதி படைத்த வணிகர்களால் முடிந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் துரையின் மனசுதான் சட்டமாக இருந்தது.

எல்லாருக்குமான எழுத்து 1957இல்தான் வந்தது. சுதந்திர மலாயாவின் அரசமைப்பை வரைய ரீட் பிரபு தலைமையில் ஐவர் குழு அமைந்தது. இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாகக் குறிப்பிடும்படி அதன் பெரும்பான்மையினர் பரிந்துரைக்கவில்லை. குறிப்பிட வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதியவர் பாகிஸ்தானிலிருந்து வந்த நீதிபதி அப்துல் ஹமீது. கூட்டணிக் கட்சியின் விருப்பமும் அதுவே. இறுதியில் 3ஆவது விதி பிறந்தது. இஸ்லாம் கூட்டரசின் சமயம், மற்றச் சமயங்களையும் நாட்டின் எந்தப் பகுதியிலும் அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்கிறது அது. இரண்டு பாதிகளும் ஒரே வாக்கியத்தில் இருப்பதை நாம் மறக்கக் கூடாது.

11ஆவது விதி இன்னும் விரிவானது. ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் உரிமை உண்டு. வேறு சமயத்துக்கென்றே ஒதுக்கப்படும் வரியை யாரும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு சமயக் குழுவும் தன் காரியங்களைத் தானே நடத்தலாம், அறநிலையங்கள் அமைக்கலாம், சொத்து வாங்கி நிர்வகிக்கலாம். முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்பதும் அதே விதியில் உண்டு. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவற்றுக்கான பொதுச் சட்டங்களை மீற இந்த உரிமை இடம் தராது.

நம் சங்கம் நிற்பதும் இந்த எழுத்தின் மீதுதான். சங்கம் அமைக்கும் உரிமையை 10ஆவது விதி குடிமக்களுக்குத் தருகிறது. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்கிறோம். இஸ்லாமியக் காரியங்கள் மாநிலப் பட்டியலில் வருவதால் பள்ளிவாசல், வக்ஃபு போன்றவற்றில் மாநிலச் சமய மன்றத்தின் விதிமுறைகளைப் பின்பற்றுகிறோம். தமிழில் மதரஸா வகுப்பும் மீலாது விழாவும் பயானும் நடத்துகிறோம். மார்க்கத்தால் நாம் இந்நாட்டின் பெரும்பான்மையோடு இருக்கிறோம், மொழியால் சிறுபான்மை. நம் உறவினர்கள் வாழும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நம்மவர் மார்க்கத்தால் சிறுபான்மை. இரண்டு பக்கத்து வலியும் தெரிந்த சமுதாயம் நாம்.

எழுத்து இருந்தால் மட்டும் போதுமா? இலங்கையைப் பாருங்கள். அங்கே 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. கூடவே சமய சுதந்திரத்தையும் எல்லாருக்கும் உறுதி செய்கிறது. நம் 3ஆவது விதியைப் போன்ற ஏற்பாடுதான். ஆனால் 2020இல் கொரோனாவால் இறந்தவர்கள் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் முஸ்லிம்களின் மையித்துகள் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையும் அதில் அடங்கும். மக்கள் வெள்ளைத் துணிகளை வேலியில் கட்டித் தங்கள் துக்கத்தைக் காட்டினார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் 2020 டிசம்பரில் தள்ளுபடியாயின. 2021 பிப்ரவரியில்தான் ஆணை மாற்றப்பட்டது. 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்திகளைப் படித்தபோது நம் வீடுகளில் எத்தனை பேர் கண்கலங்கினோம்!

அதே கண்ணோடு நம் ஊரையும் பார்க்க வேண்டும். நம்மில் பலர் பேசத் தயங்கும் இந்திரா காந்தி வழக்கு இதே ஈப்போவில் தொடங்கியது. 2009இல் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, மனைவிக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றிப் பதிந்தார். 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அந்தச் சான்றிதழ்களை ரத்துச் செய்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: தாயும் தந்தையும் இருக்கும்போது இருவரின் சம்மதமும் வேண்டும். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸைனுன் அலி, ஒரு முஸ்லிம் பெண்மணி. தீர்ப்பு வந்த பிறகும் கடைசி மகளுக்காக அந்தத் தாய் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இந்தத் தீர்ப்பால் நம் மார்க்கத்துக்குக் குறை வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. மார்க்கத்தில் கட்டாயத்தை மறுக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 256ஆவது வசனத்தை மதரஸாவில் ஓதி வளர்ந்தவர்கள் நாம். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) செய்த உடன்படிக்கை, யூதர்களுக்கு அவர்களுடைய மார்க்கத்தை எழுத்தில் உறுதி செய்தது. இலங்கைத் தாய்க்காகக் கலங்கிய கண், ஈப்போத் தாய்க்காகவும் கலங்க வேண்டும் என்பதே என் எளிய கருத்து. பிறருக்கு மறுக்கப்படும் நாளில் நாம் வாய் மூடியிருந்தால், நமக்கு மறுக்கப்படும் நாளில் நம் குரலுக்கு எடை இருக்காது.

பொன்விழா காணும் வேளையில் இளைய தலைமுறையிடம் இரண்டு வேண்டுகோள். சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், நிலப் பத்திரம், கூட்டக் குறிப்பு எதையும் அலட்சியமாக வைக்காதீர்கள். பாட்டனார்களிடம் இல்லாமல் போனது அதுதான். அதோடு, 11ஆவது விதியை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். அது "ஒவ்வொருவருக்கும்" என்றுதான் தொடங்குகிறது.

அந்த லாரி ஈப்போ வந்ததும் முதலில் கோவில் பொருள்களை இறக்கினார்களாம். பிறகு கோவில் தலைவரே நம் பாய்களைத் தோளில் சுமந்து வந்து இறக்கிக் கொடுத்தாராம். அந்த ஒற்றுமையை எந்தக் காகிதமும் தர முடியாது. காகிதமும் அந்த மனசும் சேர்ந்தே நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.