ஆன்டிலோப் பிளவின் எதிரொளி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் நகருக்குக் கிழக்கே, நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலத்தில் உள்ள ஆன்டிலோப் கேன்யன், ஸ்லாட் கேன்யன் எனப்படும் பிளவுப் பள்ளத்தாக்கு வகையைச் சேர்ந்தது. அகலத்தைவிட ஆழம் பன்மடங்கு மிகுந்து, மேற்புறம் கீற்றளவே திறந்திருக்கும் பாறைவெட்டினை இச்சொல் குறிக்கும். ஜுராசிக் காலத்து மணற்குன்றுகள் இறுகிக் கல்லாகிய பின், திடீர் வெள்ளம் மணலைச் சுமந்துவந்து அக்கல்லை அறுத்ததனால் உண்டான இதற்கு மேல், கீழ் என இரு பகுதிகள் உள்ளன. மேற்பகுதியின் நவஹோ பெயருக்குப் 'பாறைகளினூடே நீர் ஓடும் இடம்' என்பது பொருள்.

பிளவின் அடிவரை நேர்வெயில் இறங்குவது அரிது. மேல்விளிம்பில் படும் வெயில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கும், அங்கிருந்து கீழுள்ள வளைவுக்குமாகத் தெறித்து இறங்குகையில், மணற்கல்லில் கலந்துள்ள இரும்பு ஆக்சைடு ஒவ்வொரு தெறிப்பிலும் நீலத்தை உறிஞ்சிச் செம்மையை மிகுவிப்பதால், மேலே மஞ்சளாகத் தோன்றுவது நடுவில் காவியாகி அடியில் கருஞ்சிவப்பாக முடிகிறது. வானொளி மட்டுமே எட்டும் மூலைகள் ஊதாவாகத் தெரியும். இந்த எதிரொளியே பிளவின் உண்மையான செல்வம்.

ஆனால் விளிம்பின் வெளிச்சத்துக்கும் அடியின் இருளுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு ஒரே ஃபிலிமில் அடங்குவதன்று. 1980-இல் இங்கு வந்த ஒளிப்படக்காரர் புரூஸ் பார்ன்பாம், மிகவும் நீர்த்த டெவலப்பரில் நெகட்டிவைக் கழுவி, வெளிச்சப் பகுதிகள் வெளுத்துப் போகாமல் காத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். வண்ணமே பெருமை எனக் கருதப்படும் இவ்விடத்தில் முதன்மையான படவரிசை ஒன்று வண்ணமின்றி அமைந்தது வியப்புக்குரியதே. 1990-இல் வெளிவந்த, நிறங்களை அடர்த்தியாகக் காட்டும் ஃபுஜி வெல்வியா ஃபிலிம் நிலக்காட்சி ஒளிப்படக்காரர்களிடையே பரவியபின், பிளவின் செம்மை நாட்காட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் இடம்பெற்றது. மங்கிய ஒளியில் ஷட்டர் பல வினாடிகள் திறந்திருக்க வேண்டும். நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்திறன் குன்றுவதால் கணக்கிட்டதற்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும் என்பதும், அதுவரை அசையாதிருக்க முக்காலி இன்றியமையாதது என்பதும் இத்தொழிலின் அடிப்படைகள்.

1997 ஆகஸ்ட் 12 அன்று தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் கீழ்ப்பகுதியில் புகுந்து 11 பயணிகளைக் கொன்றது. அதன்பின் அங்கு பாறையில் பொருத்திய இரும்பு ஏணிகள் அமைக்கப்பட்டன. வழிகாட்டியின்றி நுழைய இயலாத ஏற்பாடும் நிலைபெற்றது.

இதற்கிடையே பயணிகளின் நாட்டம் எதிரொளியை விட்டு ஒளிக்கற்றைக்கு மாறியது. மேற்பகுதியில், கோடையை ஒட்டிய மாதங்களின் நண்பகலில் மட்டும், நேர்வெயில் கம்பம்போல் தரையில் இறங்கும். தூசி இருந்தாலன்றி அது கண்ணுக்குப் புலப்படாது என்பதால் வழிகாட்டிகள் மணலை அள்ளி வீசுவது வழக்கமாயிற்று. இங்கே எடுத்த கறுப்பு வெள்ளைக் கற்றைப் படம் ஒன்றை 65 லட்சம் டாலருக்கு விற்றதாக ஒளிப்படக்காரர் பீட்டர் லிக்கின் நிறுவனம் 2014-இல் அறிவித்தது. வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை. அழகில் கற்றை எதிரொளிக்கு ஈடாகாது. ஆயினும் கூட்டத்தைக் கூட்டியது அதுவே.

நெரிசல் மிகுந்த நிலையில், முக்காலியுடன் செல்லும் தனி ஒளிப்படச் சுற்றுகளை நவஹோ நிர்வாகம் 2019 இறுதியில் நிறுத்திவிட்டது.