ஏழு கடலுக்கு அப்பால் ஒரு நாடு

பாரதக் கதையில் வரும் குருகுலத் தலைநகரின் பெயரே நம் அஸ்தினாபுரத்தின் பெயரும் ஆகும். கதையில் கேட்ட ஊர்ப் பெயரை நாள்தோறும் பேருந்துப் பலகையில் காணும் நமக்கு, கற்பனை நாடுகளின் வரலாறு அந்நியமானதன்று.

மேலைநாட்டுக் குழந்தைகளுக்கு லூயி கரோல் 1865-இல் ஆலிஸ் கண்ட அற்புத உலகத்தையும், ஜே. எம். பாரி 1904-இல் பீட்டர் பான் நாடகத்தின் வழியே வளராச் சிறுவனின் தீவையும் படைத்தளித்தனர். நம் பாட்டிமார் கூறிய மாயநாட்டிற்கோ ஆசிரியரும் இல்லை, பெயரும் இல்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி என்பதே அதற்கு வழி. அரக்கனின் உயிர் அங்கே ஒரு கிளிக்குள் இருக்கும்.

அந்நாட்டிற்கு உருவம் தந்த பெருமை ‘அம்புலிமாமா’வைச் சாரும். நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய திங்களில், 1947 ஜூலையில், நாகிரெட்டியாரும் சக்கரபாணியும் சென்னையில் அதனைத் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கினர். மந்திரவாதியும் மாயச்சிலையும் நிறைந்த ‘பாதாள பைரவி’யை 1951-இல் திரைக்குக் கொணர்ந்ததும் அவ்விருவரின் விஜயா நிறுவனமே.

இதழின் சிகரம் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் 25. அம்புலிமாமாவில் அவை நூற்றுக்கணக்காய் வளர்ந்தன. தோளில் பிணமும் கையில் வாளுமாக மன்னன் நடக்கும் ஓவியத்தை நம் நெஞ்சில் பதித்தவர் சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன். 2020-இல் மறைந்த அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

கதை முடிவில் வேதாளம் ஒரு வினாவைத் தொடுக்கும். இவர்களுள் உயர்ந்தவர் யார்? குற்றம் யாருடையது? விடையறிந்தும் வாய் மூடினால் மன்னன் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தாலோ பட்ட பாடெல்லாம் வீண். வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். இன்றும் நம் வீட்டுப் பேச்சில் வழங்கும் தொடர் அது. பக்கத்தைப் புரட்டுமுன் நாமும் மனத்துள் ஒரு தீர்ப்பு எழுதினோம். இழப்பு வரினும் உண்மையை உரைத்தல் வேண்டும் என்னும் அறத்தை, அறிவுரை என்று அறியாமலே கற்றோம்.

2013-இல் அவ்விதழ் நின்றுபோயிற்று. வினா நம்மிடம் இருக்கிறது. வீட்டுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லி, தீர்ப்பை அவர்களிடமே விடுவோம். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கூட்டங்களிலும் அதற்கென ஒரு நாழிகை ஒதுக்குவோமாக.