துண்டுக்கு அடியில் நடக்கும் பேரம்

ஜவ்வாது மலை அடிவாரத்தில், வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூரில், வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. தமிழ்நாட்டின் ஆடு, மாட்டுச் சந்தைகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. விற்பவரும் வாங்குபவரும் கைகளைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விரலைப் பிடித்து அழுத்துவதுதான் விலை. எத்தனை விரல் என்பது அந்த இருவருக்கும் தரகருக்கும் மட்டுமே தெரியும். சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். பேரம் படியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடலாம். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

ஐபிஎல் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ‘டிரேட்’ பேச்சும் துண்டுக்கு அடியில் நடப்பதே. ஆனால் சந்தையில் ஆட்டிடம் சம்மதம் கேட்பதில்லை; இங்கே வீரரின் ஒப்புதல் இல்லாமல் மாற்றம் செல்லாது. சுற்றி நிற்பவர்களோ நூறு பேர் அல்ல, கோடிக்கணக்கான ரசிகர்கள். பேச்சு கசிந்த பிறகு அணி முதலில் யாரிடம் வாய் திறக்கிறது என்பதில்தான் அதன் மரியாதை நிற்கிறது. கடந்த பதினேழு ஆண்டுகளின் வரலாறு அதைத்தான் காட்டுகிறது.

ஐபிஎல் 2008இல் ஏலத்தோடு பிறந்தது. 2009இல் மாற்றத்துக்கான காலம் திறந்தது. ஜாகீர் கான் பெங்களூரிலிருந்து மும்பைக்குப் போனார். பதிலுக்கு ராபின் உத்தப்பா பெங்களூருக்கு வந்தார். மும்பையின் ஆஷிஷ் நெஹ்ரா டெல்லிக்குப் போனதற்கு ஈடாக டெல்லியின் ஷிகர் தவான் மும்பைக்கு வந்தார். அப்போது இவை விளையாட்டுப் பக்கத்தில் ஒரு செய்தி, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டே இந்த வழக்கத்தின் இன்னொரு முகம் தெரிந்தது. ராஜஸ்தான் ராயல்ஸில் இருந்த ரவீந்திர ஜடேஜா, அணிக்குத் தெரியாமல் மும்பையுடன் நேரடியாக ஒப்பந்தம் பேச முயன்றார் என்று 2010 தொடர் முழுவதும் தடை செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. ஓராண்டு ஆட்டத்தை இழந்தவர் அவர் ஒருவர்தான்.

2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு சென்னைக்கு வந்த அதே ஜடேஜாவைச் சுற்றித்தான் பத்தாண்டு கழித்து அடுத்த புயல் எழுந்தது. 2022 மார்ச் 24 அன்று தோனி தலைமைப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். எட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி. ஏப்ரல் 30 அன்று பொறுப்பு தோனியிடமே திரும்பியது. பிறகு விலா எலும்புக் காயத்தால் ஜடேஜா தொடரிலிருந்து விலகினார். இன்ஸ்டாகிராமில் யார் யாரைப் பின்தொடரவில்லை என்பதை ரசிகர்கள் துப்பறியத் தொடங்கினார்கள். அவர் வேறு அணிக்குப் போகிறார் என்று மாதக்கணக்கில் பேச்சு ஓடியது.

சென்னை சூப்பர் கிங்ஸின் தலைமைச் செயல் அதிகாரி காசி விஸ்வநாதன் வதந்திக்கு வதந்தி பதில் சொல்லவில்லை. ஜடேஜா எங்கள் திட்டத்தில் இருக்கிறார் என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். நவம்பரில் வந்த தக்கவைப்புப் பட்டியலில் ஜடேஜாவின் பெயர் இருந்தது. சொல்லும் செயலும் ஒன்றாக இருந்தன.

அதன் பலன் 2023 இறுதிப் போட்டியில் தெரிந்தது. அகமதாபாத்தில் நள்ளிரவு தாண்டிவிட்டது. மோகித் சர்மாவின் ஓவரில் இரண்டு பந்து மிச்சம், தேவை பத்து ரன். முதல் பந்தை நேராகத் தூக்கி சிக்ஸருக்கு அனுப்பினார் ஜடேஜா. காலுக்கு வந்த கடைசிப் பந்தை ஃபைன் லெக் பக்கம் தட்டிவிட, அது எல்லைக்கோட்டைத் தொட்டது. ஓடி வந்தவரை தோனி அப்படியே தூக்கிக்கொண்டார். சென்னைக்கு ஐந்தாவது கோப்பை.

அதே ஆண்டு நவம்பர் 26 அன்று குஜராத் டைட்டன்ஸ் வெளியிட்ட தக்கவைப்புப் பட்டியலில் ஹர்திக் பாண்டியாவின் பெயர் இருந்தது. மறுநாளே அவர் மும்பை இந்தியன்ஸுக்குப் போனதாக அறிவிப்பு வந்தது. டிசம்பர் 15 அன்று ரோஹித் சர்மாவுக்குப் பதில் அவரே தலைவர் என்றார்கள். மும்பைக்கு ஐந்து கோப்பை வென்று தந்தவரை ஏன் மாற்றினோம் என்பதை ரசிகர் மனம் ஏற்கும்படி யாரும் எடுத்துச் சொல்லவில்லை. விலையைக் கொடுத்தவர் ஹர்திக். 2024இல் அகமதாபாத்திலும், சொந்த மைதானமான வான்கடேயிலும் கூட்டம் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தது. மும்பை பட்டியலில் கடைசி இடம் பிடித்தது. முடிவெடுத்த நிர்வாகிகள் அறைக்குள் இருந்தார்கள். மைதானத்தில் தனியாக நின்றவர் அவர்தான்.

அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் டல்லாஸ் மாவெரிக்ஸ் கூடைப்பந்து அணி லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்கு மாற்றியது. ரகசியம் துளியும் கசியவில்லை. அந்த வீரருக்கே அது பேரிடியாக வந்தது. ரசிகர்கள் அரங்க வாசலில் திரண்டு போராடினார்கள். நவம்பரில் அணியின் பொது மேலாளர் பதவியிழந்தார். கசியாமல் காத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே நவம்பரில் சென்னையின் முறை வந்தது. ராஜஸ்தானின் சஞ்சு சாம்சனுக்கு ஈடாக ஜடேஜாவும் சாம் கரனும் போகிறார்கள் என்ற பேச்சு நாள்கணக்கில் ஊரெங்கும் ஓடியது. ரசிகர்கள் கொதித்தார்கள். 15ஆம் தேதி முடிவு வெளியானபோது காசி விஸ்வநாதன் தாமே பேசினார். மேல்வரிசையில் இந்திய பேட்ஸ்மேன் தேவைப்படுகிறார் என்று காரணம் சொன்னார். வீரர்களிடம் பேசி, அவர்கள் சம்மதத்தோடுதான் முடிவெடுத்தோம் என்றார். இது மிகக் கடினமான முடிவு என்பதையும் மறைக்கவில்லை. வருத்தம் தீரவில்லை. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று எண்ண இடமில்லாமல் போனது.

பேரம் முடியும்வரை துண்டு மூடியே இருக்கட்டும்; அது அணிகளின் உரிமை. முடிந்ததும் முதல் சொல் வீரருக்கும், அடுத்த சொல் காரணத்தோடு ரசிகருக்கும் போக வேண்டும். இடைப்பட்ட நாளில் பேசாமல் இருக்கலாம், பொய் சொல்லக்கூடாது. ஒவ்வொரு அணியும் இதை எழுதப்பட்ட விதியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஜடேஜா 14 கோடி ரூபாய்க்கு ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போனார். 2008இல் அவர் ஐபிஎல் ஆட்டத்தைத் தொடங்கியதும் அந்த அணியில்தான்.