பட்டியலைச் சுற்றி வந்த கதை

பொட்டி தட்டுற நம்ம மக்கள் தினமும் செய்ற வேலைதான். ஒரு பட்டியலை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கணும். இன்னிக்கு ஒரே வரியில முடிஞ்சிடுது. அந்த ஒரு வரி ஜாவாவுக்கு வந்து சேர்ந்த கதைதான் இந்தப் பதிவு.

ஆரம்பத்தில் எண்ணி எண்ணித்தான் சுற்றினோம். பூஜ்யத்தில் தொடங்கு, நீளத்தைவிடச் சின்னதா இருக்கிற வரைக்கும் ஒண்ணு கூட்டு. 'சின்னது' என்கிற இடத்தில் 'சின்னது அல்லது சமம்'னு போட்டா போச்சு! அதுவும் போக, வரிசை எண்ணே இல்லாத ஹேஷ் டேபிளை எப்படி எண்ணுவது?

இதற்கு 1970களிலேயே பதில் கிடைச்சாச்சு. எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவும் அவர் மாணவர்களும் உருவாக்கிய க்ளூ மொழியில் இட்டரேட்டர் இருந்தது. சரக்கு உள்ளே எப்படி அடுக்கியிருக்குன்னு வாங்குறவனுக்கு எதுக்கு? அடுத்ததைக் கேட்டா எடுத்துக் கொடுக்கணும், அவ்வளவுதான். இன்றைக்கு பைத்தானிலும் சி ஷார்ப்பிலும் நாம எழுதுற யீல்டு என்ற சொல் அப்பவே க்ளூவில் உண்டு. ஸ்மால்டாக்-80 வேற வழியில் போச்சு. செய்ய வேண்டிய வேலையையே கலெக்‌ஷன் கையில் கொடுத்து, 'ஒவ்வொண்ணுக்கும் இதைச் செய்'னு சொல்லிடும்.

1996இல் வந்த ஜாவாவில் இருந்தது எனுமரேஷன். பார்க்கலாம், நீக்க முடியாது. 1998இல் ஜோஷுவா ப்ளாக் வடிவமைத்த கலெக்‌ஷன்ஸ் வந்தபோதுதான் இட்டரேட்டரும், அதோடு நீக்கும் வசதியும் வந்தன. சி ஷார்ப் 2002இல் முதல் பதிப்பிலேயே ஃபார்-ஈச்சோடு வந்தது. ஜாவாவுக்கு அது கிடைத்தது 2004இல், ஐந்தாம் பதிப்பில். க்ளூவிலிருந்து கணக்குப் போட்டா கிட்டத்தட்ட முப்பது வருஷம்!

இப்போ என் சொந்தக் கொசுவர்த்திச் சுருள். ஒரு பணப் பட்டியலில் தப்பான வரிகளை ஃபார்-ஈச்சில் சுற்றிக்கிட்டே நீக்கினேன். சுற்றும்போது பட்டியலில் கை வைச்சா ஜாவா கத்தும்னு தெரியும். கத்தவே இல்லை. சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன். மறுநாள் பார்த்தா கடைசி வரி தப்பு. அதை யாரும் சோதிக்கவே இல்லை.

காரணம் இதுதான். ஃபார்-ஈச்சுக்கு அடியில் ஓடுறதும் அதே இட்டரேட்டர்தான். அர்ரேலிஸ்டில் 'இன்னும் இருக்கா?'ன்னு கேட்டா, வந்து சேர்ந்த இடத்தையும் மொத்த அளவையும் மட்டும் ஒப்பிடும். கடைசிக்கு முந்தினதை நீக்கினா அளவு ஒண்ணு குறைஞ்சு ரெண்டும் சமமாயிடும். சுற்று சத்தமில்லாம முடிஞ்சிடும். 'யாரோ கை வைச்சிருக்காங்க'ன்னு கண்டுபிடிக்கிற சோதனை அடுத்ததை எடுக்கும்போதுதான் நடக்கும். அடுத்ததை எடுக்கவே போகலையே!

நீக்கணும்னா இட்டரேட்டரிடமே சொல்லி நீக்கணும். 2014இல் வந்த ஜாவா 8 என்றால் ரிமூவ்-இஃப் இருக்கு. அடியில் என்ன ஓடுதுன்னு தெரியாம சுருக்கு வழியில் போனா, ஒருநாள் கடைசி வரி காலை வாரிடும் மக்கா. எனக்கு வாரியது :-)