மான்களிடமிருந்து தோட்டப் பாதுகாப்பு (தென்சென்னைப் புறநகர்)

மான்களிடமிருந்து தோட்டப் பாதுகாப்பு என்பது பழ மரங்கள், பூஞ்செடிகள், காய்கறிப் பாத்திகள் ஆகியவற்றை மான்கள் மேய்ந்தோ பட்டையை உரித்தோ சிதைக்காதவாறு காக்கும் முறைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இத்தேவை மலையடிவாரச் சிற்றூர்களுக்கு மட்டும் உரியதன்று. தாம்பரம், வண்டலூர், கிண்டி முதலிய தென்சென்னைப் பகுதிகளில் கல்வி நிறுவன வளாகங்களிலும் காப்புக்காடுகளிலும் புள்ளிமான்கள் வாழ்கின்றன. அவற்றைச் சுற்றிலும் குடியிருப்புகள் பெருகியுள்ளதால், காட்டின் விளிம்பும் வீட்டுத் தோட்டத்தின் வேலியும் பல இடங்களில் ஒன்றாகிவிட்டன. புள்ளிமான் சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. எனவே செடிக்கும் மானுக்கும் இடையில் தகுந்த தடுப்பை அமைப்பதே தோட்ட உரிமையாளர்க்கு உள்ள நம்பகமான வழியாகும். அத்தடுப்பு மானைக் காயப்படுத்தாததாகவும் இருத்தல் வேண்டும்.

பின்னணி

சென்னையின் தென்பகுதி ஒரு காலத்தில் முட்புதர்களும் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுகளும் நிறைந்த நிலமாக இருந்தது. அந்நிலத்தின் எஞ்சிய துண்டுகளே இன்று மான்களின் வாழிடங்களாக உள்ளன. இவற்றுள் நன்கு அறியப்பட்டது கிண்டி தேசியப் பூங்கா. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்கா 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இதனை ஒட்டி ஆளுநர் மாளிகையும், 1959-இல் தொடங்கப்பட்ட சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் அமைந்துள்ளன. இவ்விடங்களில் புள்ளிமான்களுடன் வெளிமான்களும் காணப்படுகின்றன.

தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம் புள்ளிமான்களின் முக்கிய வாழிடமாகும். இக்கல்லூரி 1937-ஆம் ஆண்டில் சென்னை நகரிலிருந்து தாம்பரத்திற்கு இடம் மாறியது. ஏறத்தாழ 365 ஏக்கர் பரப்புள்ள இதன் வளாகத்தில் புதர்க்காடு இன்றும் பேணப்படுகிறது. தெற்கே வண்டலூரில், 1985-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் அதனைச் சார்ந்த காப்புக்காடும் உள்ளன.

இவ்விடங்களுக்கு இடையே இருந்த திறந்தவெளிகள் சாலைகளாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. தாம்பரம் 2021-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது இவ்வளர்ச்சியின் அளவைக் காட்டும். ஒரு வாழிடத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல இயலாத மான்கள், தம் எல்லையை அடுத்துள்ள வீட்டுத் தோட்டங்களிலும் நிறுவனப் பூங்காக்களிலும் மேய்கின்றன.

புள்ளிமானின் இயல்புகள்

தோட்டப் பாதுகாப்பைத் திட்டமிட மானின் உடலமைப்பையும் பழக்கங்களையும் அறிதல் இன்றியமையாதது. ஆக்சிசு ஆக்சிசு என்னும் விலங்கியல் பெயருடைய புள்ளிமான், அசைபோடும் பாலூட்டி இனத்தைச் சேர்ந்தது. வளர்ந்த ஆண் மான் தோளளவில் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமிருக்கும். பெண் மான் இதனினும் சிறியது.

* இது முதன்மையாகப் புல் மேய்வது. புல் காயும்போது இலை, தளிர், பூ, உதிர்ந்த பழம், நெற்று ஆகியவற்றை மிகுதியாக உண்ணும்.
* பின்னங்கால்களில் நின்று உயரமான கிளைகளையும் எட்டும்.
* ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரமுள்ள தடையைத் தாண்ட வல்லது. ஆயினும் தாண்டுவதைவிட வேலியின் அடியிலுள்ள இடைவெளி வழியே நுழைவதையே பெரிதும் நாடும்.
* ஆண் மானின் கொம்புகள் ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். வளரும் கொம்பை மூடியுள்ள மென்தோல் காய்ந்ததும், அதனை நீக்குவதற்காக மரத்தண்டுகளில் கொம்பை உரசும்.
* மனிதர் நடமாட்டம் உள்ள இடங்களில் விடியற்காலையிலும் அந்தியிலும் இரவிலும் மேய வரும்.

சென்னைப் பகுதிக்குப் பெருமழை அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கிறது. பிப்ரவரிக்குப் பின் புதர்க்காடுகளில் புல் காயத் தொடங்கும். அக்காலத்திலும் நீர் பாய்ச்சப்படும் தோட்டங்கள் பசுமையாகவே இருப்பதால், கோடையில் மான்களின் வருகை கூடுகிறது. மாங்காய் திரளும் பருவமும் இதுவே.

சேதத்தின் வகைகள்

தளிர் மேய்தல்: இளங்கன்றுகளின் நுனி மொட்டு கடிக்கப்படுவதால் மரத்தின் உயர வளர்ச்சி தடைப்படும். மா, கொய்யா, சப்போட்டா, மாதுளை ஆகியவற்றின் கன்றுகள் முதல் சில ஆண்டுகளில் இவ்வாறு மீண்டும் மீண்டும் மேயப்பட்டால் குட்டையான புதராகவே நின்றுவிடும். ஒற்றைத் தண்டுடைய பப்பாளியின் நுனி கடிக்கப்பட்டால் செடி பட்டுப்போகலாம், அல்லது பக்கக் கிளைகள் விட்டு உருக்குலையலாம்.

பட்டை உரிதல்: கொம்பு உரசலால் இளமரத்தின் பட்டை நீளவாக்கில் கிழியும். இலையில் உருவாகும் உணவு, பட்டையின் உட்பகுதி வழியாகவே வேருக்குச் செல்கிறது. எனவே தண்டைச் சுற்றிலும் பட்டை முழுவதும் நீங்கிவிட்டால் வேர் உணவின்றி நலிந்து மரம் படிப்படியாக இறக்கும். வளர்ந்த மரங்களைவிட விரல் பருமன் முதல் கை பருமன் வரையுள்ள தண்டுகளே இதற்கு மிகுதியாக உள்ளாகின்றன.

பூ, காய்களை உண்ணுதல்: செம்பருத்தி, ரோசா முதலியவற்றின் பூக்களும் தளிர்களும், கீரைப் பாத்திகளும், தாழ்ந்த கிளைகளில் உள்ள காய்களும் உண்ணப்படும்.

சேதத்தை இனங்காணல்

தோட்டத்தில் ஏற்படும் எல்லாச் சேதங்களும் மான்களால் விளைவன அல்ல. விலங்கைச் சரியாக இனங்கண்ட பின்னரே தடுப்பு முறையைத் தெரிவு செய்தல் வேண்டும்.

* மானுக்கு மேல்தாடையில் வெட்டுப்பற்கள் இல்லை. எனவே அது இலையையும் தண்டையும் கிழித்தே உண்ணும். கடித்த இடம் பிசிறுபிசிறாகக் காணப்படும்.
* முயல் கடித்த தண்டு, கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் இருக்கும். இச்சேதம் தரையை ஒட்டியே காணப்படும்.
* ஆடு, மாடு ஆகியவற்றின் கடியும் மானின் கடியைப் போன்றதே. இவற்றைக் குளம்புச் சுவடு, சாணம் அல்லது புழுக்கை, வரும் நேரம் ஆகியவற்றால் வேறுபடுத்தலாம். பகலில் நிகழும் சேதத்திற்குப் பெரும்பாலும் தெருவில் திரியும் கால்நடைகளே காரணமாகும்.
* உயரக் கிளைகளில் கடித்தெறியப்பட்ட பழங்கள் குரங்கு, அணில், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றின் செயலாகும்.
* வேரும் கிழங்கும் தோண்டப்பட்டிருப்பின் அது பெருச்சாளியின் செயலாக இருக்கலாம்.

பாதுகாப்பு முறைகள்

சுற்றுவேலி

தோட்டம் முழுவதையும் காக்க வேண்டுமாயின் 1.8 முதல் 2.4 மீட்டர் வரை உயரமுள்ள கம்பிவலை வேலி ஏற்றது. செயின்லிங்க் எனப்படும் பின்னல் வேலி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. வேலியின் உயரத்திற்கு நிகராக அதன் அடிப்பகுதியும் கருதத்தக்கது. தரைக்கும் வலைக்கும் இடையே 15 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தல் கூடாது. மழைநீர் வடிகால் வெட்டப்பட்ட இடங்களிலும் வாயிற்கதவின் அடியிலும் இவ்விடைவெளி எளிதில் உண்டாகும். வலையின் மேல் பச்சை நிழல்வலையைக் கட்டினால் உள்ளிருக்கும் செடிகள் கண்ணுக்குத் தெரியா. மேலும், ஓடிவரும் மான் வேலியைக் கண்டு விலகவும் அது உதவும்.

மரக்கூண்டு

சில மரங்களை மட்டும் காக்கத் தனித்தனிக் கூண்டுகள் போதுமானவை. இவை செலவு குறைந்தவை. கூண்டு 1.5 முதல் 1.8 மீட்டர் உயரமும், கன்றிலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 40 சென்டிமீட்டர் தொலைவும் கொண்டிருத்தல் நன்று. குறுகிய கூண்டின் வலைக்கண் வழியே வெளியே நீளும் கிளைகளை மான் மேய்ந்துவிடும். கூண்டை இரண்டு அல்லது மூன்று உறுதியான கழிகளில் கட்டி நிலைநிறுத்த வேண்டும். மூங்கில் தட்டியாலும் கூண்டு அமைக்கலாம். மரத்தின் முதன்மைக் கிளைகள் மானுக்கு எட்டாத உயரத்தை அடையும் வரை கூண்டை நீக்கலாகாது.

பட்டை உறை

கிளைகள் உயர்ந்த பின்னரும் கொம்பு உரசலிலிருந்து தண்டைக் காக்க வேண்டியிருக்கும். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம் வரை சிறுகண் கம்பிவலையைத் தண்டைச் சுற்றித் தளர்வாகக் கட்டலாம். மரம் பருக்கும்போது கம்பி பட்டையை இறுக்காதவாறு ஆண்டுக்கு ஒருமுறை அதனைத் தளர்த்துதல் இன்றியமையாதது.

உயிர்வேலி

தமிழ்நாட்டு வேளாண்மையில் கிளுவை, கொடுக்காப்புளி, கள்ளி, ரயில் கற்றாழை முதலியவை நெடுங்காலமாக உயிர்வேலியாக வளர்க்கப்பட்டு வருகின்றன. கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டுக் குறுக்குக் கழிகளால் பிணைத்தால் சில ஆண்டுகளில் அடர்ந்த வேலியாகும். உயிர்வேலி வளரும் வரை அதற்கே தற்காலிக வலை தேவைப்படும். அடியில் இடைவெளி விழாமல் காலந்தோறும் கவாத்து செய்தலும் வேண்டும்.

செடித் தேர்வு

மான்கள் விரும்பாத செடிகளைத் தோட்டத்தின் ஓரங்களில் நடுவது சேதத்தைக் குறைக்கும். ஆடு தொடாத இலை என்னும் பொருளில் பெயர் பெற்ற ஆடாதோடை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நொச்சி, எருக்கு, அரளி ஆகியவற்றையும் மேய்ச்சல் விலங்குகள் பொதுவாகத் தவிர்க்கின்றன. அரளி நஞ்சுடையது. ஆகையால் சிறுவர்கள் உள்ள வீடுகளிலும் கால்நடைகள் உள்ள இடங்களிலும் அதனை நடுகையில் எச்சரிக்கை தேவை. கடும் வறட்சியில் மான்கள் வழக்கமாக விரும்பாத செடிகளையும் கடிக்கக்கூடும். எனவே செடித் தேர்வு வேலிக்கு மாற்றாகாது.

மணம், ஒலி, ஒளி விரட்டிகள்

முட்டைக் கரைசல், பூண்டு-மிளகாய்க் கரைசல், மீன் கழிவுக் கரைசல் ஆகியன மான்களை விலக்கத் தெளிக்கப்படுகின்றன. பழைய சேலைகளை வரிசையாகக் கட்டுவது தமிழ்நாட்டு உழவர்கள் காட்டுப்பன்றிகளுக்கு எதிராகக் கையாளும் எளிய முறை. மினுங்கும் நாடாக்கள், அசைவை உணர்ந்து எரியும் விளக்குகள் ஆகியனவும் உண்டு. இவை யாவும் குறுகிய காலமே பயன் தரும். கரைசல்களை மழைக்குப் பின்னரும் புதுத்தளிர் விட்ட பின்னரும் மீண்டும் தெளிக்க வேண்டும். ஒலிக்கும் ஒளிக்கும் மான்கள் விரைவில் பழகிவிடுகின்றன.

தவிர்க்க வேண்டியவை

நகர்ப்புற மான்களுக்கு வாகனங்களும் தெருநாய்களும் நெகிழிக் கழிவுகளும் ஏற்கெனவே பெரும் அச்சுறுத்தலாக உள்ளன. பிழையான தோட்டப் பாதுகாப்பு இவற்றுடன் மேலும் ஒரு காரணமாகிவிடும்.

* நைலான் மீன்வலை: ஆண் மானின் கொம்பு இதில் சிக்கிக்கொள்ளும். விடுபட முயலும் மான் கழுத்து இறுகியோ களைத்தோ இறக்க நேரிடும்.
* சுருள் முள்கம்பியும், மதிலின் மேல் பதிக்கப்படும் கண்ணாடித் துண்டுகளும்: தாண்ட முயலும் மானின் வயிற்றையும் கால்களையும் இவை கிழிக்கும்.
* நாய்களை ஏவுதல்: மிரண்டு ஓடும் மான் சாலையில் அடிபடலாம். மேலும், மான்கள் அச்சத்தாலும் கடும் ஓட்டத்தாலும் தசைகள் சிதைந்து, காயம் ஏதுமின்றியே இறக்கும் தன்மையுடையன.
* வீட்டு மின்னிணைப்பை வேலியில் செலுத்துதல்: இது மனிதரையும் கொல்லும் குற்றச்செயலாகும். குறைந்த துடிப்பு மின்வேலிகளையும் தமிழ்நாட்டில் 2023-ஆம் ஆண்டின் மின்வேலி விதிகள் நெறிப்படுத்துகின்றன.
* உணவளித்தல்: தோட்டத்திற்கு வெளியே உணவிட்டால் மான்கள் உள்ளே வாரா என்பது பிழையான கருத்து. உணவு கிடைக்கும் இடத்திற்கு மான்கள் வழக்கமாக வரத் தொடங்கும். நெகிழிப் பையுடன் வீசப்படும் உணவை மான் பையுடன் விழுங்குவதால் இரைப்பை அடைபட்டு இறக்கிறது.

சேதமுற்ற மரங்களைப் பேணல்

பிசிறாகக் கிழிந்த கிளைகளைக் கூரிய கத்தரியால் மொட்டுக்குச் சற்று மேலே சீராக வெட்டிவிட வேண்டும். பட்டை கிழிந்த இடத்தில் தொங்கும் பகுதிகளை நீக்கிப் போர்டோ பசை பூசினால் பூசணத் தொற்றைத் தவிர்க்கலாம். தண்டின் சுற்றளவில் ஒரு பகுதிப் பட்டையேனும் எஞ்சியிருந்தால் மரம் பிழைக்க வாய்ப்புண்டு.

ஒட்டு மாங்கன்றுகளில் தனிக்கவனம் தேவை. ஒட்டுப் பகுதிக்கு மேல் மேயப்பட்ட கன்று மீண்டும் அதே வகையாகத் தளிர்க்கும். ஒட்டுப் பகுதி முற்றிலும் அழிந்து அதன் கீழிருந்து கிளை தோன்றினால், அது வேர்ச்செடியின் கிளையே. அதில் விரும்பிய வகை மாம்பழம் கிடைக்காது. அத்தகைய கன்றை மாற்றி நடுதல் நன்று. முருங்கை வெட்டினாலும் துளிர்க்கும் இயல்புடையது. வாழையின் குருத்து தண்டின் உள்ளிருந்து வளர்வதால், இலைகள் மேயப்பட்ட பின்னரும் அது மீளும்.

சட்டநிலை

புள்ளிமான் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. இச்சட்டத்தில் வேட்டை என்னும் சொல் கொல்லுதலை மட்டும் குறிப்பதன்று. நஞ்சிடுதல், கண்ணி வைத்தல், பிடித்தல், காயப்படுத்துதல் ஆகியவையும், இவற்றிற்கான முயற்சியும் அதில் அடங்கும். பயிரையோ தோட்டத்தையோ மேய்ந்தது இச்செயல்களுக்கு விலக்காகாது. மான்களைப் பிடித்து இடமாற்றுதல் வனத்துறையின் பொறுப்பாகும். தோட்டத்தில் காயமுற்ற மானையோ தனித்த குட்டியையோ கண்டால் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தாய் மான் குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு மேயச் செல்வது வழக்கமாதலால், தனித்த குட்டி பெரும்பாலும் கைவிடப்பட்டதன்று. உதிர்ந்து கிடக்கும் கொம்புகளும் அரசின் உடைமையாகவே கருதப்படும்.

பிற இடங்களில்

இலங்கையின் திருகோணமலை நகரில் பிரட்ரிக் கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் புள்ளிமான்கள் திரிகின்றன. அங்கும் மான்கள் நெகிழிக் கழிவை உண்ணுவது சிக்கலாக உள்ளது. அந்தமான் தீவுகளில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புள்ளிமான்கள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டன. அவற்றை வேட்டையாடும் பெரிய விலங்குகள் அங்கு இல்லாததால் அவை பெருகி, காட்டு மரக்கன்றுகளின் மீள்வளர்ச்சியைப் பாதித்துள்ளன. அவாய்த் தீவுகளுக்கு 1860-களில் இவை கொண்டு செல்லப்பட்டன. அவற்றுள் மௌயி தீவில் 1959-ஆம் ஆண்டில் விடப்பட்டவை பெருகியதால் அங்குள்ள பண்ணைகள் உயர்ந்த வேலிகளை அமைக்க வேண்டியதாயிற்று. இவ்விரு தீவுக் கூட்டங்களிலும் புள்ளிமான் அயல் இனமாகும். தமிழ்நாட்டிலோ அது மண்ணுக்குரிய விலங்கு.