மணமான பெண்ணுக்கு வேலை போகுமா?

1931 அக்டோபரில் பிரிட்டனின் வேலைவாய்ப்பகங்களில் ஒரு புதிய விதி அமலுக்கு வந்தது. வேலை இழந்து உதவித்தொகை கேட்டு வருபவர் மணமான பெண் என்றால், மற்றவர்களிடம் கேட்காத சிலவற்றை அவரிடம் கேட்க வேண்டும். மணத்துக்குப் பிறகு போதிய வாரங்கள் சந்தா கட்டியிருக்கிறாரா? இல்லையென்றால், தான் வழக்கமாக வேலைக்குப் போகிறவர் என்றும், தன் வட்டாரத்தில் இனியும் வேலை கிடைக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்றும் அவரே நிரூபிக்க வேண்டும். மணமாகும் முன் பத்தாண்டுகள் ஆலையில் உழைத்துக் கட்டிய சந்தா இந்தச் சோதனைக்கு உதவாது. ‘முரண்பாடுகள் சட்டம்’ என்று அறியப்பட்ட இச்சட்டத்தால் ஓராண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மணமான பெண்கள் உதவித்தொகையை இழந்தார்கள்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்க இருபது ஆண்டுகள் பின்னே போகவேண்டும். வேலையின்மைக்கு எதிரான கட்டாயக் காப்பீட்டை 1911ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் பணம் போடுவார்கள். வேலை போனால் வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரம். ஆனால் அது கட்டுமானம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் போன்ற சில துறைகளுக்கு மட்டுமே. அதில் சேர்ந்த சுமார் 22 லட்சம் பேரில் பெரும்பாலோர் ஆண்கள். ‘வேலையற்றவர்’ என்ற சொல்லுக்கு அரசு முதலில் வரைந்த உருவமே ஓர் ஆணின் உருவம்தான்.

முதல் உலகப்போர் முடிந்ததும் வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பப்பட்டார்கள். 1919 தொடக்கத்தில் லட்சக்கணக்கான பெண்கள் தற்காலிக உதவித்தொகையை நம்பி நின்றார்கள். அரசுப் பணத்தில் சும்மா இருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் ஏசின. வேலைவாய்ப்பகங்கள் பலருக்குக் காட்டிய வேலை, பணக்கார வீடுகளில் பணிப்பெண் வேலை. இயந்திரத்தில் கைதேர்ந்தவர் அதை மறுத்தால் உதவி நின்றுவிடும்.

1920இல் காப்பீடு பெரும்பாலான உடலுழைப்புத் தொழில்களுக்கு விரிந்தது. விவசாய வேலையும் வீட்டுப் பணியும் வெளியே நின்றன. ஆணுக்கு வாரம் 15 ஷில்லிங், பெண்ணுக்கு 12. பெண்ணின் கூலி குறைவு, அதனால் சந்தா குறைவு, அதனால் உதவியும் குறைவு என்று கணக்குச் சொன்னார்கள். இங்கே ஒரு பொறி இருந்தது. பணிப்பெண் வேலையை மறுத்தால் உதவித்தொகை போகும். ஏற்றுக்கொண்டாலோ, அந்த வேலைக்குக் காப்பீடு கிடையாது. அடுத்த முறை வேலை போகும்போது கேட்க ஒன்றும் இருக்காது.

1921இல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: உதவி கேட்பவர் ‘உண்மையாகவே வேலை தேடுகிறார்’ என்று காட்ட வேண்டும். இது ஆண்களையும் வாட்டியது. இல்லாத வேலையைத் தேடி அவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். பெண்களிடமோ கூடுதல் கேள்விகள் எழுந்தன. குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? கணவர் சம்பாதிக்கிறாரா? அதே ஆண்டில் வேலையிழந்த ஆணுக்கு மனைவியின் பெயரில் வாரம் 5 ஷில்லிங் கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். சார்ந்திருப்பவர் என்று பெண்ணைக் காண்பது அரசுக்கு எளிதாக இருந்தது. சம்பாதித்தவர், சம்பாத்தியத்தை இழந்தவர் என்று காண்பதுதான் கடினமாக இருந்தது.

1929இல் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் தொழிலாளர் துறை அமைச்சரானார். பிரிட்டன் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். இளம் வயதில் கடைச் சிப்பந்தியாக உழைத்து, தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். வேலை தேடுவதை நிரூபிக்கும் சுமையை 1930இல் தொழிலாளரின் தோளிலிருந்து இறக்கியது அவர் கொண்டுவந்த சட்டம்தான். அடுத்த ஆண்டே முரண்பாடுகள் சட்டத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். பொருளாதார நெருக்கடியில் காப்பீட்டு நிதி கடனில் மூழ்கியிருந்தது. சிக்கனம் வேண்டும் என்ற நெருக்குதல் பலமாக இருந்தது. யாரிடமிருந்து எடுத்தால் எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்று பார்த்தபோது, பருவகாலத் தொழிலாளரும் மணமான பெண்களும் கண்ணில் பட்டார்கள். அவருடைய கட்சியிலேயே ஜென்னி லீ உள்ளிட்ட சிலர் எதிர்த்து, நாடாளுமன்றத்தை இரவு முழுக்க விழித்திருக்க வைத்தார்கள். சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டுத் தேர்தலில் பாண்ட்ஃபீல்ட் தோற்றார். அதிகாரத்தில் ஒரு பெண் அமர்ந்துவிட்டால் எல்லாப் பெண்களுக்கும் நியாயம் கிடைத்துவிடும் என்று நம்புவோர் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

லங்காஷயரின் பருத்தி ஆலை ஊர்களில் இந்தச் சட்டம் செய்ததைப் பாருங்கள். அங்கே மணமான பின்னும் பெண்கள் தறியில் நிற்பது தலைமுறை வழக்கம். சந்தை சரிந்து ஆலைகள் மூடின. உதவி கேட்டுப் போன நெசவாளியிடம் ‘உன் வட்டாரத்தில் வேலை கிடைக்கும் என்று காட்டு’ என்றது விதி. ஆலை மூடியதால்தான் அவர் அங்கே வந்து நிற்கிறார். ஆலை மூடியிருப்பதால் அவருக்கு உதவி இல்லை. வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற, அதே ஆலையில் வேலை இழந்த ஆணிடம் இந்தக் கேள்வி இல்லை.

மறுபக்கம், ஆசிரியப் பணியிலும் அரசு அலுவலகங்களிலும் மணமானால் பெண்கள் விலக வேண்டும் என்ற தடை பரவலாக இருந்தது. மணமானதால் வேலை போகும்; மணமானதால் வேலையிழப்பு செல்லாது. இரண்டு கதவுகளையும் பூட்டியது ஒரே சாவி.

1942இல் பெவரிட்ஜ் அறிக்கை எல்லோருக்கும் காப்பீடு என்றது. ஆனால் 1948இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் மணமான பெண்ணின் வேலையின்மைத் தொகை குறைவாகவே இருந்தது. முழுச் சந்தா கட்டாமல் விலகிக்கொள்ளும் ‘விருப்பம்’ அவருக்கு மட்டும் தரப்பட்டது. கையில் வரும் கூலி கொஞ்சம் கூடும் என்பதால் பலரும் விலகினார்கள். வேலை போனபோது அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. புதிதாக வருவோருக்கு அந்த விருப்பம் நிறுத்தப்பட்டது 1970களின் பிற்பகுதியில்தான்.

இந்தச் சட்டங்களில் ‘பெண்ணுக்கு உதவி இல்லை’ என்ற வரி எங்கும் கிடையாது. வட்டாரம், நியாயமான வாய்ப்பு, வழக்கமான வேலை என்று சாதுவான சொற்களே இருந்தன. அந்தச் சொற்களுக்கு யார் பொருள் சொன்னார்கள், யாரிடம் சான்று கேட்டார்கள் என்பதில்தான் பெண்களின் கூலி கரைந்தது. நலத்திட்டம் எதுவானாலும், அதன் விண்ணப்பப் படிவத்தில் நம்மிடம் மட்டும் கேட்கப்படும் கேள்விகளை முதலில் படிப்போம்.